சுவிட்சர்லாந்துக்குப் போகும் தாள் பெருங்குடி வழியாகவும் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக ஈரநில நாளை ஒட்டி, ஈரநிலப் பாதுகாப்பில் நாடுகளுக்கிடையே உள்ள ஒத்துழைப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒப்பந்தம், மாநாடு, நிதியுதவி என்று எல்லாம் இருந்தது. பள்ளிக்கரணையும் ஒரு வரியில் வந்து போனது. அந்த ஒரு வரிக்குள் குடியிருப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம். இடம் போதாவிட்டால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் டாக்குமென்டேஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் இவற்றோடுதான் வாழ்க்கை போனது. ஹாம்பர்க்கில் ஏற்றிய பெட்டி சென்னைத் துறைமுகத்தில் வெளியே வர வேண்டுமானால், தாளில் எழுதியிருப்பதும் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எடை கொஞ்சம் இடித்தாலும் கஸ்டம்ஸில் சரக்கு நின்றுவிடும். பன்னாட்டு ஒத்துழைப்பு என்றதும் எனக்கு மாநாட்டு மேடை கண்ணில் படுவதில்லை, இந்தத் தாள் சரிபார்க்கும் வேலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் ராம்சார் என்ற ஊரில் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம் 1982 பிப்ரவரி 1 முதல் இந்தியாவிலும் அமலில் இருக்கிறது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். அதன் செயலகம் சுவிட்சர்லாந்தில் கிளாண்ட் என்ற ஊரில் இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள் என்று அந்த ஒப்பந்தத்தின் கீழ் வைத்திருக்கும் ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை 2022 ஏப்ரல் 8 தேதியிட்டு சேர்க்கப்பட்டது. அறிவிப்பு வந்ததோ ஜூலை கடைசியில். இதில் எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அதே ஏப்ரல் மாதக் கடைசியில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குழந்தைகளுக்கு மாஸ்க் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். உலகப் புகழ் பெற்ற இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான் இருமிக்கொண்டிருந்தோம் என்பது ஜூலையில் செய்தி வந்த பிறகே தெரிந்தது.

செய்தி வந்ததும் தெருவில் இரண்டு பேச்சு கிளம்பியது. இனி வெளிநாட்டுப் பணம் வந்து கொட்டும் என்று ஒரு கட்சி. இனி ஒரு செங்கல் கூட வைக்க விடமாட்டார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே சரியில்லை. பட்டியலில் சேர்ந்ததற்காகத் தானாகப் பணம் வருவதில்லை. தவறு நடந்தால் கிளாண்டிலிருந்து யாரும் வந்து சீல் வைக்கப் போவதும் இல்லை. கட்டடம், குப்பை, கழிவுநீர் இவற்றைத் தடுக்கும் அதிகாரம் நம் நாட்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஆக்கிரமிப்பையும் குப்பை கொட்டுவதையும் சுத்திகரிக்காத கழிவை விடுவதையும் தெளிவாகவே தடை செய்கின்றன.

அப்படியானால் ராம்சாரால் என்ன லாபம்? என் பார்வையில் அது நம் அரசு உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கும் தாள். அதில் இரண்டு கடமைகள் முக்கியம். அந்த இடத்தின் இயல்பு மாறிவிட்டாலோ, மாறிக்கொண்டிருந்தாலோ, மாறக்கூடும் என்று தெரிந்தாலோ காலம் கடத்தாமல் செயலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவே இதைச் சொல்கிறது. அடுத்தது, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விவரத் தாள் உண்டு. எல்லை, வரைபடம், பரப்பு, என்னென்ன பறவைகள், என்னென்ன ஆபத்துகள், யார் பொறுப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். அதை ஆறு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. பள்ளிக்கரணைக்கு அந்தக் கெடு 2028-இல் வருகிறது. நான் இவ்வளவு தூரம் எழுதுவது அந்தத் தாளுக்காகத்தான்.

இப்போதிருக்கும் தாளில் பரப்பு 1,247.54 ஹெக்டேர். வனத்துறை வசம் காப்புக்காடாக இருப்பது சுமார் 700 ஹெக்டேர். மீதி எங்கே இருக்கிறது? எந்தெந்த சர்வே எண்? கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் வரக்கூடிய கேள்வி இது. சர்வே எண் வாரியாக இதற்குப் பதில் இல்லாததால்தான் இத்தனை குழப்பமும். கடைசியில் 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. சதுப்பு நிலத்தின் எல்லையும் அதைச் சார்ந்த பகுதியும் எதுவரை என்று வரையறுத்து முடிக்கும்வரை, ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. உலகத்திடம் பரப்பைச் சொல்லி மூன்று வருடத்துக்குப் பிறகு உள்ளூரில் எல்லைக்கல்லைத் தேடுகிறோம்.

இதன் அடி யார் தலையில் விழுகிறது பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையன், ஐ.டி. வேலை, கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஆன்ட்டி, நீங்க டாக்குமென்ட் பாத்தவங்கதானே, இதுல ராம்சார்னு எங்கயாவது வருதான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றான். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவல் என்று ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் இல்லை, இருக்கவும் முடியாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் அதில் வில்லங்கமாக ஏறுவதற்கு வழியே இல்லை. எங்கே கேட்பது என்று இரண்டு பேரும் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால், "கோர்ட்ல இருக்கும்மா, இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்று பதில். அவன் இப்போது கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறான். பில்டர் பக்கமிருந்து "பார்க்கிறோம் சார்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களும் வீடு வாங்குபவர்களும் எதிரெதிர்க் கட்சி என்பதுபோல் தொலைக்காட்சி விவாதங்களில் பேசுகிறார்கள். இருவருக்கும் தேவை ஒரே வரைபடம்தான்.

இனி பறவைகள். ஜனவரி மாதம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் காலையில் போகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டத்தைப் பார்த்திருக்கலாம். முக்காலியில் ஸ்கோப், கையில் நோட்டு, கழுத்தில் பைனாகுலர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அது. 1987-இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் ஏற்பாடு, இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சேர்ந்து நடத்துகிறது. எண்ணுகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், நடுவில் என்னைப் போல ஓரிருவர். என் வேலை நோட்டில் எழுதுவது. கூட்டல் தப்பாது என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எண்ணுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊசிவால் வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு மேயும். தலையை எண்ணுவதா வாலை எண்ணுவதா என்று புதிதாக வருபவர்கள் முழிப்பார்கள். நீலச்சிறகிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அப்புறம் பத்துப் பத்தாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். அதற்குள் குப்பை லாரி ஒன்று கடந்தால் ரோடு அதிரும், ஸ்கோப்புக்குள் எல்லாப் பறவையும் ஆடும். ஸ்கோப்பில் கண் வைத்திருக்கும் பெண் அப்படியே நின்று, விட்ட எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். "முந்நூத்தி நாப்பது, முந்நூத்தி நாப்பது..." லாரி போனதும் அங்கிருந்து தொடர்வாள். பக்கத்தில் பைக்கை நிறுத்திப் பூநாரையோடு செல்ஃபி எடுப்பவர்கள் ஏதாவது கேட்டால் நான்தான் பதில் சொல்லி அனுப்புவேன்.

அந்த எண்ணிக்கை எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நாடுகளின் ஒத்துழைப்பு என்பது என்ன என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. ஒரு வகை நீர்ப்பறவையின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு ஓர் இடத்தை வழக்கமாக நம்பியிருந்தால், ராம்சார் பட்டியலில் சேர அதுவே ஒரு தகுதி. மொத்தத் தொகை எவ்வளவு என்று யார் சொல்வது? நாம் மட்டும் எண்ணினால் போதாது. பூநாரை குஜராத்தில் கட்ச் ரண்ணில் கூடு கட்டுகிறது. கஜகஸ்தானில் தெங்கிஸ் ஏரியிலும் கட்டுகிறது, அது இயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் இடங்களில் அதுதான் வடகோடி என்கிறார்கள். அங்கே எண்ணும் ஆள், பாகிஸ்தானில் எண்ணும் ஆள், பள்ளிக்கரணையில் எண்ணும் ஆள், எல்லோருடைய நோட்டும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் ஒரு சதவீதம் எவ்வளவு என்று தெரியும். அரசுகள் முறைத்துக்கொண்டிருந்தாலும் இந்த நோட்டுகள் சேர்கின்றன. வட துருவப் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொடும் மத்திய ஆசிய வலசைப் பாதை என்கிறார்களே, அதன் தென்பகுதியில்தான் நாம் இருக்கிறோம். 2020-இல் வலசை உயிரினங்களுக்கான ஒப்பந்த நாடுகளின் மாநாடு காந்திநகரில் நடந்தபோது அதன் சின்னத்தை நம் ஊர்க் கோலத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். 2024-இல் சமர்கண்டில் நடந்த அடுத்த மாநாட்டில் இந்த வலசைப் பாதைக்கென்றே ஒரு கூட்டுத் திட்டம் ஏற்கப்பட்டு, அதை ஒருங்கிணைக்கும் பிரிவு இந்தியாவில் அமையும் என்று முடிவானது. சந்தோஷம்.

ஆனால் காலம் கடந்து வரும் கையெழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவுக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் சைபீரியக் கொக்குகள் வந்துகொண்டிருந்தன. அவை வரும் வழியில் ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் உண்டு. வேட்டையும் உண்டு, போரும் உண்டு. அந்தக் கொக்குக்காகவே நாடுகள் கூடி 1993-இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதற்குள் பரத்பூருக்கு வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தன. 2002-க்குப் பிறகு அங்கே ஒன்றுகூட வரவில்லை.

இதற்கு நேர் எதிர் நாகாலாந்து. 2012-இல் தோயாங் அணைக்கட்டு நீர்த்தேக்கத்தின் பக்கம் அமூர் வல்லூறுகளை வலை போட்டு ஒரு லட்சத்துக்கும் மேல் கொன்றார்கள் என்று செய்தி வந்து உலகமே திட்டியது. அடுத்த வருடமே கொலை நின்றது. ஹங்கேரிய வல்லுநர்கள் வந்து, நம் விஞ்ஞானிகளோடு சேர்ந்து மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி கட்டி, ஆப்பிரிக்கா வரை பின்தொடர்ந்தார்கள். அதில் ஒன்றுக்குப் பக்கத்துக் கிராமமான பாங்தியின் பெயரையே வைத்தார்கள். வேட்டையை நிறுத்தியதில் அந்தக் கருவியைவிட ஊர்ச் சபைகள் போட்ட தடைக்கும் அபராதத்துக்கும்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். வெளிநாட்டுக்காரர்கள் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், அதனால் வேலை நடந்தது.

சொல்லப்போனால் இது நமக்கும் பழைய கதைதான். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்மக்கள் முறையிட்டு, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரரிடம் 1798-லேயே எழுதி வாங்கினார்கள் என்பார்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்ட ஊர் அது. அந்த வேடந்தாங்கலும் இப்போது ராம்சார் பட்டியலில் இருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பணம் நம் பக்கம் வராமல் இல்லை. கோவளம் வடிநிலப் பகுதியில் மழைநீர் வடிகால் கட்ட ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி கடன் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கரணை அந்த வடிநிலத்துக்குள்தான் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் தென்பகுதியில், மணலே மழையைக் குடித்துவிடும் இடத்தில் எதற்குக் கான்கிரீட் வடிகால் என்று மக்கள் எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நெதர்லாந்து அரசு 2018-இல் ஆரம்பித்த ஒரு திட்டத்தில் வங்கதேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமராங் இவற்றோடு சென்னையும் சேர்ந்தது. ஆயிரம் குளங்களின் நகரம் என்று அழகான வரைபடங்கள் வந்தன. நகரின் நடுவில் ஒரு பள்ளி வளாகத்தில் மாதிரியாக ஒன்று செய்தும் காட்டினார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் திட்ட அறிக்கைகள் எதையும் தமிழில் நான் பார்த்ததில்லை. வட்டியும் அசலும் தமிழில்தானே கட்டப் போகிறோம்.

நம் அதிகாரிகள் ஆம்ஸ்டர்டாம் போய்வந்த படங்கள் வருகின்றன. ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் விமானம் போய் இறங்கும் கொழும்புக்கு அவர்கள் ஏன் அதைவிட அதிகமாகப் போகக் கூடாது? காரணத்தோடுதான் கேட்கிறேன். 2010 நவம்பரில் பெய்த மழையில் கொழும்பு மூழ்கியது, அவர்களுடைய நாடாளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அது சதுப்பு நிலத்தின் நடுவில் கட்டிய கட்டடம். அதற்குப் பிறகு 2012-இல் உலக வங்கிக் கடனில் பெருநகரத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். வாய்க்கால் வெட்டுவதோடு நிறுத்தாமல், மிச்சமிருக்கும் சதுப்பு நிலங்கள் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்குகின்றன, அவை போனால் நகரத்துக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் பார்த்தார்கள். நிலத்தை நிரப்புவதைவிட விட்டு வைப்பதுதான் லாபம் என்று கணக்கு சொன்னது. பெத்தகானவிலும் தியசருவிலும் ஜனங்கள் நடக்கப் பலகைப் பாதை போட்டு ஈரநிலப் பூங்காக்கள் வைத்தார்கள். நகரத்துக்குள்ளேயே மீன்பிடிப் பூனை உலவுகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். 2018-இல் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில் உலகில் முதன்முதலாக 18 ஊர்களுக்கு ஈரநில நகரம் என்று அங்கீகாரம் கொடுத்தபோது கொழும்பும் அதில் ஒன்று. இந்தியாவிலிருந்து முதலில் அது கிடைத்தது 2025-இல், இந்தூருக்கும் உதய்பூருக்கும். நாட்டிலேயே அதிகமாக, தமிழ்நாட்டில் 20 ராம்சார் இடங்கள் இருக்கின்றன. ஈரநில நகரங்களின் பட்டியலில் சென்னை இல்லை.

கொழும்பு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சதுப்பு நிலத்தில் குவித்து வைத்த மீதொட்டமுல்ல குப்பை மலை 2017 ஏப்ரல் 14 அன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணோடு போனார்கள். சித்திரை முதல் நாள், வீட்டில் பண்டிகைச் சமையல் நடந்துகொண்டிருந்த நேரம். பெருங்குடிக் கிடங்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். இங்கே பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை நடந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஊருக்கும் பருவமழை, ஒரே மாதிரி நிலம், ஒரே மாதிரிக் குப்பை, ஒரே மாதிரி அரசியல். ஹாலந்தில் கடல் மட்டத்துக்குக் கீழே வாழ்பவர்களிடம் கற்பதைவிட, பருவமழை என்றால் என்ன என்று தெரிந்தவர்களிடம் கற்பது சுலபம். டென்வரும் சான் அன்டோனியோவும் வோல்கோகிராடும் சென்னைக்குச் சகோதர நகரங்களாம். இருக்கட்டும். பள்ளிக்கரணைக்கும் கொழும்புச் சதுப்பு நிலங்களுக்கும் நடுவில் அப்படி ஓர் உறவு வைத்து, வருடா வருடம் இங்கிருந்து பொறியாளர்களும் வனக் காவலர்களும் எண்ணும் இளைஞர்களும் அங்கே போகட்டும், அங்கிருந்து வரட்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் கூடத் தேவைப்படாத இடங்கள் அங்கே எத்தனையோ உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஈரநில நகர அங்கீகாரம் கேட்கும் ஊரில், சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் உட்காரும் உள்ளூர்க் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது ராம்சார் வைத்திருக்கும் நிபந்தனைகளில் ஒன்று. நம் அதிகாரிகளுக்கு அது சங்கடமாக இருக்கலாம். இங்கே மாடு மேய்த்தவர்கள், கோரை அறுத்தவர்கள், மீன் பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மதகு எந்த வருடம் மண்ணடித்துப் போனது என்று அவர்களுக்குத் தெரியும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைத் தண்ணீர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலைச் சேர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தரைத்தளம் எல்லாம் தண்ணீர். மழை விட்ட பிறகும் அது வடியாமல் நின்றது. ஏன் என்று படகில் பால் பாக்கெட் கொண்டுவந்த மீனவர்களைக் கேட்டிருந்தால் வரைபடம் போட்டே காட்டியிருப்பார்கள்.

இயல்பு மாறிவரும் ராம்சார் இடங்களுக்கு மான்ட்ரூ பதிவேடு என்று தனியாக ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் வந்தால் நாட்டுக்கே அவமானம் என்று பதறுகிறார்கள். ஒடிசாவின் சிலிகா ஏரி 1993-இல் அதில் ஏறியது. முகத்துவாரம் மண் மூடி, உப்புத்தன்மை குறைந்து, நன்னீர்க் களை மண்டி, மீன்வளம் சரிந்துகொண்டிருந்தது. மறைக்கவில்லை. வெளி வல்லுநர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். 2000-இல் கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள், மீனும் இறாலும் திரும்பின. 2002-இல் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியதோடு ராம்சார் விருதும் கிடைத்தது. உள்ளதை உள்ளபடி எழுதியதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பள்ளிக்கரணை பற்றி 2028-இல் எழுதும்போது இந்தத் தைரியம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கிளாண்டுக்கு அனுப்பும் அந்தப் புதிய விவரத் தாளின் வரைவை, அனுப்புவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தமிழில், சர்வே எண்களோடு, வரைபடத்தோடு வெளியிட வேண்டும். பெருங்குடி, பள்ளிக்கரணை, வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்று மாநகராட்சிப் பக்கம் பகுதி சபைகளிலும், ஊராட்சிப் பக்கம் கிராம சபைகளிலும் அதை வாசித்துக் காட்டி, ஆட்சேபங்களை எழுதி வாங்க வேண்டும். அதே சர்வே எண்களைப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை உண்டு. 2022-இல் போன பழைய தாள் ராம்சார் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஆங்கிலத்தில் கிடக்கிறது. அதை அப்படியே தமிழில் ஒரு முழுப் பக்கமாகப் போடுங்கள். பறவைப் பெயர்களைச் சரிபார்த்துத் தர எங்கள் கணக்கெடுப்புக் குழுவில் ஆள் இருக்கிறார்கள். பரப்பு, அட்சரேகை, தீர்க்கரேகை, எண்கள் எல்லாவற்றையும் புரூஃப் பார்த்துத் தர நான் வருகிறேன், பஸ் செலவு கூட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி,
பள்ளிக்கரணை, சென்னை - 600 100.